முழுமையான குத்துச்சண்டை வீரர் என்று யாரைச் சொல்லலாம்?

வேகம், குத்தின் பலம், தற்காப்பு, அடி தாங்கும் சக்தி ஆகியவற்றில் எதெல்லாம் சேர்ந்தால் ஒருவரை முழுமையான குத்துச்சண்டை வீரர் என்று சொல்லலாம் என்பது கேள்வி. ரசிகர்கள் பலர் இதற்கு ஒரு மதிப்பெண் பட்டியலே வைத்திருப்பார்கள். கை வேகத்துக்குப் பத்துக்கு ஒன்பது, தாடைக்கு எட்டு என்று போட்டுக் கூட்டிவிடுவார்கள். அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லாவற்றிலும் எட்டு வாங்கியவர், ஒரே ஒரு விஷயத்தில் பத்து வாங்கியவரிடம் மண்ணைக் கவ்வுவது இந்த விளையாட்டில் வாடிக்கை.

ஒவ்வொரு வீரருக்கும் ஜெயிப்பதற்கென்று பழகிய வழி ஒன்று இருக்கும். ஒருவர் தள்ளி நின்று ஜாப் (முன்னால் இருக்கும் கையை நேராக நீட்டி விடும் குத்து) அடித்துப் புள்ளி சேர்ப்பார். இன்னொருவர் நெருங்கி வந்து விலாவைப் பதம் பார்ப்பார். மற்றொருவர் எதிராளி தவறும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். நல்ல எதிராளி மூன்று நான்கு சுற்றுகளுக்குள் அந்த வழியை அடைத்துவிடுவார். அடைத்த பிறகு இவரிடம் இன்னொரு வழி இருக்கிறதா? அதையும் அடைத்தால் மூன்றாவது உண்டா? நான் முழுமையை அளப்பது இப்படித்தான்.

1981 செப்டம்பர் 16 அன்று லாஸ் வேகாஸில் நடந்த சுகர் ரே லெனார்ட் – தாமஸ் ஹெர்ன்ஸ் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். லெனார்ட் காலும் கையும் வேகமான நுட்பக்காரர். ஹெர்ன்ஸ் நெட்டையர், கை நீளம், வலது கை விழுந்தால் எழுவது கஷ்டம். ஆறாவது சுற்றில் லெனார்டின் இடது ஹூக்கில் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்தில்) ஹெர்ன்ஸ் ஆட்டம் கண்டார். கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்த இடத்தில் அவர் ஆளே மாறிப்போனார். அந்த வலது கையை ஒதுக்கிவைத்துவிட்டு, மேடையைச் சுற்றி நழுவியபடியே ஜாப்பால் சுற்றுகளைப் பறிக்கத் தொடங்கினார். நுட்பக்காரர் துரத்துகிறார், அடிக்காரர் நழுவுகிறார்! லெனார்டின் இடது கண் வீங்கி மூடிக்கொண்டே வந்தது. மூன்று தீர்ப்பாளர்களின் கணக்கிலும் அவர் பின்தங்கியிருந்தார். பன்னிரண்டாவது சுற்று முடிந்து மூலையில் உட்கார்ந்தபோது, கையிலிருந்த சண்டையைக் கோட்டை விடுகிறாய் என்று பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி மூடி மறைக்காமல் சொன்னார். அடுத்த சுற்றில் லெனார்ட் நுட்பத்தையெல்லாம் மறந்துவிட்டு வெறும் அடிக்காரராக இறங்கினார். ஹெர்ன்ஸ் கயிறுகளுக்கிடையே போய் விழுந்தார். பதினான்காவது சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார்.

ஹெர்ன்ஸிடமும் இரண்டாவது வழி இருந்தது என்பதைக் கவனியுங்கள். அவரிடம் இல்லாதது மிகச் சாதாரணமான ஒரு திறமை: கட்டிப்பிடிப்பது. ரசிகர்கள் கூச்சலிட்டு வெறுக்கும் கிளிஞ்ச்சைத்தான் சொல்கிறேன். பார்ப்பதற்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும், செய்வதற்குக் கடினமானது. எதிராளி குத்திவிட்டுக் கையை இழுக்கும் நேரத்தில் உள்ளே நுழைந்து, அவருடைய கையை முழங்கைக்கு மேலாகச் சுற்றி அக்குளில் இறுக்க வேண்டும். நெற்றியை அவர் தோளில் பதித்துக்கொண்டால் அப்பர்கட்டுக்கு, அதாவது கீழிருந்து மேலே வரும் குத்துக்கு, இடமிருக்காது. பிறகு உடல் எடை முழுவதையும் அவர்மேல் சாய்த்தால், பிரித்துவிடும் வேலை நடுவருடையது. அதற்குள் கிடைக்கும் ஏழெட்டு நொடிகளில் தலைச்சுற்றல் பாதி தெளிந்துவிடும். ஹெர்ன்ஸின் நீண்ட கைகளுக்கு இது அல்வா போன்ற வேலையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அடி விழுந்ததும் அவர் கைகள் கீழே தொங்கின, அல்லது திருப்பி அடித்தன. 1985 ஏப்ரலில் மார்வின் ஹாக்லருடன் மோதியபோதும் இதே குறைதான். முதல் சுற்றிலேயே வலது கை எலும்பு முறிந்துவிட்டது. பிடித்துத் தொங்கி நேரம் கடத்த அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் எல்லாம் முடிந்தது. இத்தனைக்கும் ஐந்து எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர் அவர்.

அடிப்படைகளுக்கு வருகிறேன். எல்லா வழிகளுக்கும் வாசல் ஜாப்தான். தூரத்தை அளப்பது, எதிராளியின் கண்ணை மறைப்பது, அவர் தொடங்குவதைக் கெடுப்பது, பின்னால் வரும் வலது கைக்கு இடம் செய்வது என்று நான்கைந்து வேலைகளை ஒரே குத்து செய்கிறது. ஆனால் ஜாப் போகும் அழகைப் பார்க்கிறவர்கள் அது திரும்பி வருவதைப் பார்ப்பதில்லை. தோள் உயரத்தில் போன கை அதே உயரத்தில் தாடைக்குத் திரும்ப வேண்டும். நான்கு விரற்கடை தாழ்ந்து வந்தால் போதும், அந்த இடைவெளிக்குள் எதிராளியின் வலது கை நுழைந்துவிடும். அதுவரை தோல்வியே காணாத இளைஞர் ஜோ லூயிஸிடம் இந்தக் குறை இருப்பதை மேக்ஸ் ஷ்மெலிங் கண்டுபிடித்தார். 1936 ஜூன் 19 அன்று லூயிஸின் இடது கை தாழும்போதெல்லாம் அதன்மேல் வலது கையை இறக்கிப் பன்னிரண்டாவது சுற்றில் அவரை வீழ்த்தினார். இரண்டு ஆண்டு கழித்து, 1938 ஜூன் 22 அன்று, லூயிஸ் அவரை 124 நொடிகளில் முடித்தார். பலம் முன்பும் அவரிடம் இருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் ஜாப் போய்த் திரும்பும் பாதையை அவர் திருத்திக்கொண்டிருந்தார்.

காலடி அடுத்தது. என்னைக் கேட்டால் கையைவிட முக்கியம் என்பேன். வேகமாகத் துள்ளுவது காலடி அல்ல. குத்தியபின்னும் குத்தும் நிலையிலேயே இருப்பதும், எதிராளியின் கால் தவறான இடத்தில் இருக்கும்போது தன் கால் சரியான இடத்தில் இருப்பதும்தான் காலடி. வலக்கையரும் இடக்கையரும் மோதும்போது இருவரின் முன்னங்கால்களும் நேருக்கு நேர் வரும். யாருடைய முன்னங்கால் மற்றவரின் பாதத்துக்கு வெளிப்புறமாக விழுகிறதோ, அவருடைய பின்கைக்கு, அதாவது பின்னால் வைத்திருக்கும் கைக்கு, நேர்வழி கிடைக்கும். மற்றவர் உடலைத் திருப்பிக்கொண்டுதான் குத்த முடியும். ஒலெக்சாண்டர் உசிக் 2021 செப்டம்பரில் ஆந்தனி ஜோஷுவாவைத் தோற்கடித்ததில் பெரும்பகுதி இந்தச் சில அங்குலச் சண்டையில் நடந்தது. ஜோஷுவா உயரம், எடை இரண்டிலும் பெரியவர். ஆனால் குத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் காலை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. ஒழுங்குபடுத்தி முடிப்பதற்குள் உசிக் அங்கே இருப்பதில்லை.

தூரத்தில் நன்றாக இருப்பவர் நெருக்கத்தில் தடுமாறுவதும், நெருக்கத்தில் அசுரராக இருப்பவர் தூரத்தில் கையைப் பிசைவதும் சகஜம். இரண்டு இடத்திலும் வீடு கட்டியவர் என்று நான் முதலில் சொல்வது ரொபர்ட்டோ டுரானை. அவரை முரட்டு அடிக்காரர் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் எதிராளியின் மார்போடு ஒட்டி நின்றுகொண்டு, தலையை ஒரு சாண் அளவுக்கு இப்படியும் அப்படியும் உருட்டி, வரும் குத்துகளைத் தோளிலும் காற்றிலும் வாங்கிக்கொண்டே இடையில் தன் குத்தை நுழைக்கும் கலையில் அவருக்கு இணை குறைவு. 1972இல் லைட்வெயிட் எடைப்பிரிவில் பட்டம் வென்றவர், 1989 பிப்ரவரியில் 37 வயதில் தன்னைவிட எவ்வளவோ பெரிய இரான் பார்க்லியிடமிருந்து அதைவிடக் கனமான எடைப்பிரிவான மிடில்வெயிட்டின் பட்டத்தைப் பறித்தார். வேகம் அதற்குள் போயிருந்தது. நெருக்கத்தில் கற்ற வித்தை மட்டும் அப்படியே இருந்தது.

உடலைக் குத்துவது நெருக்கச் சண்டையின் உயிர். தலை நகரும், உடல் அவ்வளவாக நகராது. வலது விலாவுக்குக் கீழே கல்லீரல் இருக்கும் இடத்தில் சரியாக ஓர் இடது ஹூக் விழுந்தால் நினைவு தெளிவாக இருக்கும். உடம்பு மட்டும் கீழ்ப்படியாது. வலியும் உடனே வருவதில்லை. 2019 நவம்பரில் நவோயா இனோவே, நோனிட்டோ டோனேரைப் பதினோராவது சுற்றில் அங்கேதான் அடித்தார். டோனேர் அடி வாங்கிய இடத்தில் விழவில்லை. விலகிச் சில அடிகள் நகர்ந்த பிறகே மண்டியிட்டார். அதே சண்டையில் இனோவே காட்டிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாவது சுற்றில் கண்குழி எலும்பு முறிந்து, எதிரே இரண்டு டோனேர்கள் தெரிந்தார்கள். அவர் வலது கையுறையை உயர்த்தி அந்தக் கண்ணை மறைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் தூரத்தைக் கணித்துப் பன்னிரண்டு சுற்றும் நின்று வென்றார். இப்படி ஒரு நிலைமைக்கு எந்தப் பயிற்சிக்கூடத்திலும் பாடம் கிடையாது.

தற்காப்பில் ஒரு பொறி உண்டு. பிறவியிலேயே அதிவேக அனிச்சை உள்ளவர்களுக்குத் தற்காப்பைக் கற்கும் தேவையே வருவதில்லை. ராய் ஜோன்ஸ் ஜூனியர் தொண்ணூறுகளில் கைகளைத் தொங்கவிட்டு, சில சமயம் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுகூட நின்றார். யாராலும் தொட முடியவில்லை. 2003இல் மிகக் கனமான எடைப்பிரிவான ஹெவிவெயிட்டின் பட்டம்கூட வென்றார். மறுபடி எடை குறைத்து வந்தவரை, 2004 மே மாதம் அன்டோனியோ டார்வர் இரண்டாவது சுற்றில் ஒரே குத்தில் சாய்த்தார். அப்போது ஜோன்ஸுக்கு 35 வயது. வேகத்தில் ஒரு கண்ணிமை அளவு குறைந்ததும் அதற்குக் கீழே தாங்க வேறு எதுவும் இல்லை. பெர்னார்ட் ஹாப்கின்ஸ் இதற்கு நேர் எதிர். 1988இல் தொழில்முறையில் முதல் சண்டையிலேயே தோற்றவர். ஜோன்ஸின் வேகத்தில் பாதிகூட அவருக்குக் கிடையாது. தாடையைத் தோளுக்குள் ஒளிப்பது, எதிராளியின் தாளத்தைக் கெடுப்பது, ஒரு குத்துக் குத்திவிட்டு உடனே பிடித்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். 2011 மே மாதம் 46 வயதில் மான்ட்ரியாலில் ஜான் பாஸ்கலை வென்று, அதுவரை உலகப் பட்டம் வென்றவர்களிலேயே மூத்தவர் ஆனார். அவர் சண்டைகள் பார்ப்பதற்குச் சுவையாக இருந்தன என்று நான் சொல்ல மாட்டேன்.

அடி வாங்கிய பின் மீள்வதும் கற்க வேண்டிய கலையே. தாடையின் உறுதி பிறப்பில் வருவதாக இருக்கலாம். விழுந்த பிறகு செய்ய வேண்டியதைப் பழக்கத்தால்தான் பெற முடியும். 1958 டிசம்பரில் நாற்பதைக் கடந்திருந்த ஆர்ச்சி மூர், இவோன் டுரெல்லிடம் முதல் சுற்றிலேயே மூன்று முறை விழுந்தார். ஐந்தாவதில் மறுபடியும் விழுந்தார். பதினோராவது சுற்றில் டுரெல்லை நாக் அவுட் செய்தார். 2010இல் ஷேன் மோஸ்லியின் வலது கை இரண்டாவது சுற்றில் ஃப்ளாய்ட் மேவெதரின் முழங்காலை மடக்கியபோது, அவர் முதலில் செய்தது மோஸ்லியின் கையைப் பிடித்து இறுக்கியதுதான். ஹெர்ன்ஸ் செய்யத் தவறியது அதுவே. பிறகு வழக்கமாகப் பின்வாங்கி ஆடும் மேவெதர், அன்று முன்னேறி ஆடினார். வலது கையை வீசுவதற்கு மோஸ்லிக்குத் தேவைப்பட்ட தூரத்தை அவர் கொடுக்கவே இல்லை.

சண்டையின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். மெல்ட்ரிக் டெய்லர் 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், கை வேகத்தில் அபூர்வமானவர். 1990 மார்ச் 17 அன்று ஹூலியோ சீசர் சாவேஸுடன் மோதியபோது, பதினோரு சுற்று முடிவில் இரண்டு தீர்ப்பாளர்களிடம் தெளிவாக முன்னிலையில் இருந்தார். கடைசி மூன்று நிமிடம் காலில் நின்று தப்பித்தாலே பட்டம் அவருடையது. ஆனால் இந்தச் சுற்றும் வேண்டும் என்று அவருடைய மூலையில் இருந்த பயிற்சியாளர்களே சொல்லி அனுப்பினார்கள். அவருக்கும் நின்று அடிக்கத்தான் ஆசை. சாவேஸின் வலது கையில் விழுந்தார், எழுந்தார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மூலையைப் பார்த்தார். நடுவர் நிறுத்தியபோது மிச்சமிருந்தது இரண்டே நொடி. அந்த நிறுத்தம் சரியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. எனக்கு அதைவிட உறுத்துவது பன்னிரண்டாவது சுற்றில் டெய்லர் ஒரு முறைகூட ஓடவில்லை என்பதுதான்.

இங்கே மூலையில் இருப்பவர்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு நிமிட இடைவேளையில் ஒரு வாக்கியம் சண்டையைத் திருப்பும் என்பதற்கு டண்டி சாட்சி. கெடுக்கும் என்பதற்கு டெய்லரின் மூலை. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் மைக் டைசனின் கண் வீங்கியபோது, அவருடைய மூலையில் வீக்கத்தை அமுக்கும் குளிர்ந்த இரும்புகூட இல்லை. ரப்பர் உறையில் பனிநீரை நிரப்பி வைத்து ஒத்தினார்கள். உலகச் சாம்பியனின் மூலை! பஸ்டர் டக்ளஸ் பத்தாவது சுற்றில் அவரைச் சாய்த்ததற்கு அது மட்டுமே காரணமல்ல. ஆனால் ஒருவர் தன் முதல் சுற்று நாக் அவுட்டுகளை மட்டுமே நம்பி எவ்வளவு காலம் இருந்திருக்கிறார் என்பது அந்த உறையில் தெரிகிறது. சண்டைகளுக்கிடையே எடையைக் கட்டிக்காப்பதும் இதே கணக்கில் வரும். டுரான் 1980 ஜூனில் லெனார்டை வென்றார். அதன்பின் விருந்திலேயே காலத்தைக் கழித்து, நவம்பரில் அவருடன் நடந்த மறுமோதலுக்கு அவசரமாக எடையைக் குறைத்து வந்து, எட்டாவது சுற்றில் தானாகவே கைவிட்டார். முழுமை என்ற பேச்சில் அவரை முதலிடத்தில் வைக்க எனக்கு இருக்கும் ஒரே தடை இதுதான்.

வலக்கையராகவும் இடக்கையராகவும் நிலை மாற்றி இரு பக்கமும் நின்று ஆடும் திறமையை இப்போது அதிகமாகப் புகழ்கிறார்கள். எதற்காக மாறுகிறோம் என்று தெரியாவிட்டால் அது வெறும் அலங்காரம். ஹாக்லர் தன் இடக்கை நிலையில் அச்சமூட்டுபவர். 1987 ஏப்ரலில் லெனார்டுக்கு எதிராக ஏனோ வலக்கையராகத் தொடங்கி, முதல் சில சுற்றுகளைத் தானமாகக் கொடுத்தார். கடைசியில் ஒரு தீர்ப்பாளர் வித்தியாசத்தில் தோற்றார். டெரன்ஸ் கிராஃபோர்ட் மாறும்போது காரணம் இருக்கும். முதல் ஒன்றிரண்டு சுற்றுகள் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். எதிராளியின் ஜாப் எந்தக் கோணத்தில் வருகிறது என்று படித்த பிறகே எந்த நிலையில் நிற்பது என்று முடிவு செய்வார். சில சண்டைகளில் மாறவே மாட்டார். 2023 ஜூலையில் எரால் ஸ்பென்ஸின் பலமான ஜாப்பையே தூண்டிலாக்கி, அது வரும்போதெல்லாம் தன் ஜாப்பைக் குறுக்கே விட்டு, மூன்று முறை வீழ்த்தி, ஒன்பதாவது சுற்றில் முடித்தார்.

முகமது அலியை எங்கே வைப்பது என்று கட்டாயம் கேட்பீர்கள். பாடப்புத்தகப்படி பார்த்தால் அவரிடம் ஓட்டைகள் நிறைய. கையைத் தாழ்த்தி நிற்பார், குத்து வந்தால் நேராகப் பின்னால் சாய்வார், உடலைக் குத்துவதே அபூர்வம். 1971 மார்ச்சில் ஜோ ஃப்ரேசியரின் இடது ஹூக் பதினைந்தாவது சுற்றில் அவரைத் தரையில் கிடத்தியது இந்த ஓட்டை வழியாகத்தான். ஆனால் என் அளவுகோலில் அவர் வேறு மாதிரி வருகிறார். மூன்றரை ஆண்டுத் தடை அவருடைய கால்களின் வேகத்தைத் தின்றுவிட்டது. அதாவது அவருடைய முதல் வழியையே பறித்துவிட்டது. 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில், 40 சண்டைகளில் 40 வெற்றி பெற்றிருந்த ஜார்ஜ் ஃபோர்மேனுக்கு எதிராக, முதல் சுற்றில் ஜாப் இல்லாமலேயே வலது கையால் நேரடியாக அடித்துப் பார்த்தார். அதில் ஃபோர்மேன் விழவில்லை. இரண்டாவது சுற்றிலிருந்து கயிற்றில் சாய்ந்து, கைகளால் மூடிக்கொண்டு, கழுத்தைப் பிடித்து அழுத்தி, அவரைக் களைக்கவைத்தார். எட்டாவது சுற்றில் நாக் அவுட். கைநுட்பத்தில் அரைகுறை, வழி கண்டுபிடிப்பதில் பெரிய மேதை. அந்த வழிக்கு அவர் உடம்பு கொடுத்த விலையும் பெரியது.

ஓட்டையே இல்லாதவர் என்று பார்த்தால் சுகர் ரே ராபின்சனுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். பின்வாங்கிக்கொண்டே நாக் அவுட் செய்யக்கூடியவர்கள் மிகச் சிலரே. இவர் அதில் ஒருவர். ஜேக் லமோட்டாவுடன் ஆறு முறை மோதி ஐந்தில் வென்றார். 1951 பிப்ரவரி 14 அன்று நடந்த கடைசிச் சண்டையில், முரட்டுத்தனமாக முன்னேறிய லமோட்டாவை ஜாப்பால் சோர வைத்துவிட்டுப் பதின்மூன்றாவது சுற்றில் நிற்க மட்டும் முடிகிற நிலைக்குக் கொண்டுவந்தார். 1957 ஜனவரியில் ஜீன் ஃபுல்மரிடம் பட்டத்தை இழந்தார். மே மாதம் மறுபடி மோதியபோது ஐந்தாவது சுற்றில் ஒரே ஓர் இடது ஹூக். அதற்கு முன் ஃபுல்மரை யாரும் நாக் அவுட் செய்ததில்லை. அப்போது ராபின்சனுக்கு 36 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவரையும் ஒன்று வீழ்த்தியிருக்கிறது: வெயில். 1952 ஜூன் மாதம் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோய் மாக்சிமைப் புள்ளிகளில் முந்தியிருந்தவர், வெக்கை தாங்காமல் பதினான்காவது சுற்றுக்கு எழுந்திருக்க முடியவில்லை. நடுவரே பத்தாவது சுற்றுக்குப் பிறகு மாற்றப்பட்டார். கால் நூற்றாண்டு நீண்ட வாழ்க்கையில் அவர் முடிக்காமல் விட்ட ஒரே சண்டை அது.

இன்றைய தலைமுறையில் கிராஃபோர்டும் உசிக்கும் இந்த வரிசைக்கு உரியவர்கள். 2024 மே மாதம் டைசன் ஃப்யூரி நடுச் சுற்றுகளில் உடலுக்கு அப்பர்கட்டாக விட்டு உசிக்கைத் திணறடித்தார். எட்டாவது சுற்றில் உசிக் கோணத்தை மாற்றி மூக்கைப் பதம் பார்த்தார், ஒன்பதாவதில் ஃப்யூரியைக் கயிற்றோடு கயிறாகத் தள்ளி நடுவரை எண்ண வைத்தார். இவர்களுக்கு இணையாக நான் சொல்வேன், யாரும் சொல்லாத ஒரு பெயர்: எஸார்ட் சார்ல்ஸ். மேலே சொன்ன ஆர்ச்சி மூரை மூன்று முறை வென்றவர். தூரத்திலும் நெருக்கத்திலும் ஆடுவார். முன்னேறியும் பின்வாங்கியும் அடிப்பார். தன் இயல்பான எடைப்பிரிவான லைட் ஹெவிவெயிட்டில் பட்டம் வெல்லாமலேயே ஹெவிவெயிட் சாம்பியனாகிவிட்டவர். 1950 செப்டம்பர் 27 அன்று, ஓய்விலிருந்து திரும்பி வந்த ஜோ லூயிஸுடன் அவர் ஆடிய பதினைந்து சுற்றுகளின் படம் இருக்கிறது. அதில் லூயிஸின் ஜாப் எத்தனை இடங்களில் வெற்றிடத்தைக் குத்துகிறது, அந்த நேரத்தில் சார்ல்ஸின் முன்னங்கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.